யாருடைய பாட்டு கடல் கடக்கிறது?

பேராதனையில் புறப்படும் ஏ-5 வீதி கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை வழியாக லுணுகலையைத் தொட்டு, பிபிலைக்கு இறங்கி, மகா ஓயாவைத் தாண்டிச் செங்கலடியில் போய் முடிகிறது. வீதியின் ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறுமுனையிலிருந்து சிறிது தூரத்தில், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகம். இடையே பதுளையில், 2005-இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். மூன்று பல்கலைக்கழகங்களையும் ஒரே சரட்டில் கோத்துச் செல்லும் இவ்வீதியில் லுணுகலை ஒரு சிறு கடைத்தெரு. பஸ் நிற்கும்; தேநீர் குடிக்கலாம்; மீண்டும் பஸ் புறப்படும். எமது பல்கலைக்கழகங்களின் கலாசாரப் பார்வையும் லுணுகலையை இப்படித்தான் கடந்துபோகிறது. தேநீர் குடிக்கும் நேரம்வரைதான் நிற்கிறது.

பல்கலைக்கழக மாணவரின் சேர்ந்திசைக் குழு ஒன்று வெளிநாடு செல்கிறதென்றால் நாம் மகிழ்ச்சியடைய வேண்டியவர்களே. இளைஞர்கள் உலகம் காண்பதையும், அயலார் மேடையில் எமது குரல் ஒலிப்பதையும் யார் வெறுப்பார்? கலாசாரப் பரிவர்த்தனை என்னும் சொல்லையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் பரிவர்த்தனை என்றால் கொடுப்பதும் வாங்குவதும். எதைக் கொடுக்கிறோம்? யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறோம்? அவரைக் கேட்டோமா? இந்த மூன்று கேள்விகளையும் வழியனுப்பு விழாவில் பேசும் பிரமுகர்கள் எழுப்புவதில்லை. எனவே நாம் எழுப்புகிறோம்.

இத்தகைய பயணங்களின் நிகழ்ச்சி நிரல்கள் சில எமது கைக்கு வந்ததுண்டு. முதலில் மேல்நாட்டுக் கூட்டிசை இரண்டு. அதில் நாமும் தேர்ந்தவர்களே என்று காட்டுவதற்காக. பின்னர் சிங்கள நாட்டார் பாடல் ஒன்று. தேசிய ஒற்றுமையைக் காட்டத் தமிழ்ப் பாடல் ஒன்று. அது பெரும்பாலும் பக்திப் பாடல், அல்லது எங்கோ கேட்ட திரைப்படப் பாடல். தோட்டத்து மக்கள் இந்த நிரலில் இடம்பெறுவதே இல்லையென்றால் பொய் சொன்னவராவோம். இடம்பெறுகிறார்கள், கூடையாக! பளபளக்கும் சேலையைப் பாதி மடித்துக் கட்டி, ஒருநாளும் கொழுந்து காணாத புதுக் கூடையை முதுகிலே மாட்டி, சிரித்துச் சிரித்து இரண்டு இலையும் ஒரு குருத்தும் கிள்ளும் அந்த நடனத்தை அறியாத பாடசாலை மண்டபம் இந்நாட்டில் உண்டா? உல்லாசப் பயணிகளின் விடுதியில் ஆடப்படுவதும் அதுவே. அட்டை கடித்த கால் அதில் இல்லை. மழைக்குப் போர்த்திய படங்கு இல்லை. நிறை குறைந்த நாளில் விழும் அரைப் பேர் இல்லை. கங்காணியை ஏசிப் பாடும் பாட்டு மருந்துக்கும் இல்லை.

இதை வெறும் ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். அப்படி ஒதுக்க முடியாது என்பதற்கு உலக வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1866-இல், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களுக்கென்று ஃபிஸ்க் என்றொரு கல்விக்கூடம் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுக்குள் அது கடனில் மூழ்கியது. பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் வைட் என்பவர் 1871 அக்டோபரில் ஒன்பது மாணவரை அழைத்துக்கொண்டு பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர் என்று பின்னர் உலகம் அறிந்த குழு இதுவே.

இங்கே கவனிக்க வேண்டியது அவர்கள் தொடக்கத்தில் என்ன பாடினார்கள் என்பது. வெள்ளையர் விரும்பும் வெள்ளையர் பாடல்களையே பாடினார்கள். பருத்திக் காட்டில் தாயும் தகப்பனும் பாடிய பாட்டுகள் தமக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு பாடுவதற்குரியவை என்று வைத்திருந்தார்கள். குழுவின் பியானோ வாசிப்பாளராயிருந்த எல்லா ஷெப்பர்ட் பிற்காலத்தில் இதை எழுதியிருக்கிறார்: அந்தப் பாட்டுகள் அடிமைக் காலத்தோடும் இருண்ட பழமையோடும் ஒட்டியவை, மறக்கப்பட வேண்டியவை என்றே தாங்கள் அன்று எண்ணியிருந்ததாக. அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாய் வராது. ஏனெனில் அந்நாளில் அமெரிக்க மேடையில் தோட்டத்துப் பாட்டு என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு சரக்கு. வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமையைக் கோமாளியாக்கி, அவன் தோட்டத்தில் ஆடிப் பாடி ஆனந்தமாக வாழ்ந்தான் என்று காட்டிக் காசு பறித்த கேலிக்கூத்து அது. உழைத்தவனின் பாட்டை அவனிடமிருந்து பிடுங்கி, அவன் முகத்தையே முகமூடியாக்கி விற்றார்கள்.

முதுகிலே புதுக் கூடை மாட்டிய எமது நடனத்துக்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டதல்லவா? கரி பூசவில்லை, பவுடர் பூசியிருக்கிறது, அவ்வளவே.

ஃபிஸ்க் மாணவர் நாளடைவில் மனம் மாற்றிக்கொண்டார்கள். கதவைச் சாத்திப் பாடியதைக் கதவைத் திறந்து பாடினார்கள். கேட்டவர் கண் கலங்கினார்கள். 1873-இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் பாடினார்கள். சொந்த நாட்டிலோ, பல ஹோட்டல்களில் படுக்க இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் பாடிச் சேர்த்த பணத்தில் 1876-இல் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கிறது. பின்னர், மூலக் குழு கலைந்த பிறகு, பிரெடெரிக் லவுடின் என்ற பாடகர் தம் குழுவோடு 1884 முதல் 1890 வரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, ஜப்பான் என்று உலகைச் சுற்றி வந்தார்.

அந்த ஆறு ஆண்டுகளில் ஊவா மலையில் என்ன நடந்துகொண்டிருந்தது? நோயால் அழிந்த கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள். நட்ட கைகள் திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த கைகள். லவுடினின் குழு ஊர் திரும்பிய அதே 1890-இல்தான் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்கள் வாங்கினார். பருத்திக் காட்டு அடிமைமுறையும் தேயிலைத் தோட்டத்துத் துண்டு முறையும் ஒன்றே என்று நாம் வாதிக்க வரவில்லை. சட்டத்தில் அவை வேறு. ஆனால் கடனால் கட்டி ஒரு மனிதனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. இரண்டு இடத்திலும் உழைப்பு கப்பலேறிச் சந்தைக்குப் போயிற்று. ஓரிடத்தில் பாட்டும் பின்னால் போயிற்று, பாடியவர் வாயாலேயே போயிற்று. மற்ற இடத்தில் இன்னும் போகவில்லை.

ஏன் போகவில்லை? வெளியே மட்டும் குற்றம் சொல்லித் தப்ப நாம் விரும்பவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தியை, கலை விழா ஒத்திகையின்போது, ஊர்ப் பாட்டு ஏதாவது பாடும்படி கேட்டோம். நன்றாகப் பாடுகிறவள், திரைப்படப் பாட்டு இரண்டு பாடினாள். “உன் அப்பாயி பாடியது ஒன்றும் தெரியாதாம்மா?” என்றோம். தலையைக் குனிந்துகொண்டு, “அதெல்லாம் லயத்துப் பாட்டு சேர், எழவு வீட்டுல பாடுறது, மேடையில பாடினா சிரிப்பாங்க” என்றாள். சற்றுக் கழித்து, “எனக்கு முழுசாத் தெரியும்” என்றும் சொன்னாள். எல்லா ஷெப்பர்ட் எழுதியதை இவள் படித்தவளல்லள். வெட்கத்துக்குப் புத்தகம் தேவையில்லை. யார் சிரிப்பார்கள் என்று நாம் அவளைக் கேட்கவில்லை. மண்டபத்தின் முன் வரிசையில் உட்காருகிறவர்கள் நாமே அல்லவா?

இந்த வெட்கத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. பிணத்துக்கு முன்னால் போவது தப்பு. மாசி மாதத்தில் காமன் பொட்டலில், தீயில் வாட்டி முறுக்கேற்றி விடியவிடிய முழங்குவதும் அதே தப்பு. தப்பில்லாமல் மலையகத்தின் பாட்டு நடக்காது. ஆயினும் மிருதங்கத்தை மடியில் வைத்துக் கொஞ்சும் எமது சபைகள் தப்பை வாசலிலேயே நிறுத்துகின்றன. இரண்டும் மரமும் தோலும்தானே? நிறுத்தப்படுவது வாத்தியமல்ல, அதை அடிக்கும் கைக்குச் சமூகம் ஒட்டிவைத்த சாதி. முற்போக்கு பேசும் ஆசிரியர்களும் இதில் முழுக்கச் சுத்தமானவர்களல்லர் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்கள் மனத்தாங்கலின்றி ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

பல்கலைக்கழகத்தால் ஆகாத காரியத்தையா கேட்கிறோம்? இல்லை. செய்து காட்டிய காரியம் இது. 1960-களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கர்ணன் போர், இராவணேசன் என்று அக்கூத்துகள் நாடெங்கும் போயின. பழக்க வந்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பட்டம் பெறாத அண்ணாவியார் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆசானாய் நின்றார் என்பதே அந்த இயக்கத்தின் பெருமை. ஏ-5 வீதியின் ஒரு முனையிலிருந்த கலை மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவிலிருந்த மலையில், மாசிதோறும் கம்பம் நட்டு, ரதியும் மதனும் வீரபத்திரனும் எமனும் தோன்ற ஆடப்பட்டு வந்த காமன் கூத்துக்கோ அந்த வாய்ப்பு அன்று வாய்க்கவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள் அக்காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970-களில்தான். தன் பாட்டைக் கேட்டு வாங்க உள்ளே ஆளில்லாத மக்களின் பாட்டை யார் கேட்பார்?

கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் தம் மக்களின் காலடி மண்ணைப் பறிப்பதைக் கண்டவர். தொழிற்சங்க வேலையோடு வேலையாக லயம் லயமாகப் பாட்டுகளைக் கேட்டு எழுதி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்தார். நூல் இருக்கிறது. ஆனால் அச்சுக்குப் போன பாட்டு வாய்க்குத் திரும்பவில்லை. எந்தச் சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகை மேசையிலும் அந்நூலை நாம் கண்டதில்லை.

இந்த இடத்தில் இசை தெரிந்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். “ஒப்பாரியும் தெம்மாங்கும் ஒற்றைக் குரலுக்குரியவை, பல குரல் இணையும் சேர்ந்திசை ஐரோப்பியருடையது, இரண்டையும் கலந்தால் ஆடு மாட்டோடு பூட்டிய ஏராகிவிடும்” என்பார்கள். கும்மியும் கோலாட்டமும் பஜனையும் எத்தனை குரலில் நடக்கின்றன என்று அவர்களைக் கேட்கலாம். அதைவிடச் சென்னைப் பக்கம் பார்க்கச் சொல்வது நல்லது. எம்.பி. சீனிவாசன் 1971-இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். திரைப்பட இசைக் கலைஞருக்குத் தொழிற்சங்கம் கட்டிய பொதுவுடைமைவாதி அவர். பாடகரென்று பெயரெடுத்தவரைத் தேடாமல், வேலைக்குப் போய்வரும் சாதாரண மனிதரைச் சேர்த்துக்கொண்டு, பாரதியையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் பல குரலில் பாடவைத்தார். ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் நின்று தமக்குத் தாய்மொழியல்லாத மொழிகளில் பாடியதும் அவர் முயற்சியாலேயே. 1988-இல் அவர் மறைந்தார். முறை இருக்கிறது.

ஆனால் நண்பர்களின் ஆட்சேபத்தில் ஓர் உண்மையும் இல்லாமற் போகவில்லை. ஃபிஸ்க் பாடகரின் வழியில் வந்த கச்சேரிப் பாட்டுகளைப் பற்றிக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1934-இல் கடுமையாக எழுதினார். மேடைக்கென்று சீவிச் சிங்காரித்தது மக்கள் பாடியதல்ல என்பது அவர் கட்சி. ஒவ்வொரு முறை பாடும்போதும் மாறுவதே அந்தப் பாட்டின் உயிர், அதைத் தாளில் ஒரேயடியாக உறையவைத்துவிட்டீர்கள் என்றார். இதை நாம் மதிக்கிறோம். ஒப்பாரியைக் கோட்டு சூட்டு போட்டு நிறுத்துவதால் அதற்கு மரியாதை வந்துவிடாது. அழுகிறவள் மூச்சு வாங்கும் இடத்தில் சேர்ந்திசைக்காரர் தாளக்கணக்குக்காக மூச்சு வாங்கினால் பாட்டு அங்கேயே செத்துவிடும். இதற்கு ஒரே பரிகாரம், பாட்டுக்குரியவர் ஒத்திகையில் இருப்பது. இருந்து, “இது சரியில்லை, தம்பி” என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருப்பது.

அதிகாரம் என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. 1883-இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் தேயிலை அநாமதேயமாக விற்கப்படுவதில்லை. தோட்டத்தின் குறியோடு விலை பேசப்படுகிறது. யூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் பறித்த ஊவாத் தேயிலையை வாயிலிட்டுத் துப்பிவிட்டு, இது இன்ன பக்கத்து மலை என்று சொல்லும் நிபுணர் இருக்கிறார்கள். இலைக்கு ஊர் உண்டு, பேர் உண்டு. அதே மலையில் பிறந்த பாட்டு எப்போதாவது அச்சேறினாலும் மேடையேறினாலும், அதற்குக் கீழே போடுவது ‘நாட்டார் பாடல்’ என்ற ஒரு சொல்! எந்தத் தோட்டம், எந்த லயம், யார் பாடிக் கொடுத்தார், அவருக்கு என்ன கொடுத்தோம் என்று எவரும் எழுதுவதில்லை. ஹொப்டனிலும் மடுல்சீமையிலும் பறித்த கொழுந்தை இப்படி அநாமதேயமாய் ஏற்றிச் சென்றால் தோட்டத்துரை சும்மா இருந்திருப்பாரா?

மலையகத்தின் பாட்டு கடல் கடந்ததே இல்லையென்று எழுதினோம். திருத்திக்கொள்கிறோம். மேடைக்குத்தான் அது கடல் கடக்கவில்லை. மற்றப்படி எந்தச் சேர்ந்திசைக் குழுவுக்கும் முன்னால் கடல் கடந்த பாட்டு அது. முதலில் தமிழகத்திலிருந்து இங்கே வந்தது, மன்னார்க் கரையிலிறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தது. அந்த வழியை நினைவுகூர்ந்து 2023-இல், இருநூறாம் ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் நடந்ததை வாசகர்கள் அறிவர். பின்னர் 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டபோது, அதே பாட்டு திரும்பக் கடல் கடந்தது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியது. அந்தப் பயணத்துக்கு வழியனுப்பு விழா நடந்தது. மாலை போட்டவர் யாரும் இலர், லயத்து வாசலில் ஒப்பாரி வைத்தார்கள். இரண்டு அரசுகள் சேர்ந்து நடத்திய இந்தப் பெரும் ‘பரிவர்த்தனை’யை எந்தக் கலாசார அமைச்சும் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டதில்லை.

அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்தில் குடியேறினார்கள். அவர்களுக்கென்றே தமிழக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அதே கூடையை மாட்டிக்கொண்டு, அதே கொழுந்தைக் கிள்ளினார்கள். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர் என்று பெயர். பெயர்தான் மாறிற்று. அண்ணன் ஊவாவிலும் தம்பி கூடலூரிலுமாகப் பிரிந்த குடும்பங்களில், ஒரே தாயின் தாலாட்டு இரண்டு நாட்டில் இரண்டு விதமாய் வளர்ந்திருக்கும். அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் ஆவல் ஒரு பல்கலைக்கழகத்துக்குமா உண்டாகவில்லை?

ஆகவே எமது யோசனையைச் சொல்லிவிடுகிறோம். தமிழகம் செல்லும் அடுத்த மாணவர் குழு சென்னைச் சபாவில் ஒரு மாலை பாடட்டும், ஆட்சேபமில்லை. அதற்கு முன்போ பின்போ கூடலூர் ஏறட்டும். கையில் புதுக் கூடை வேண்டாம், லுணுகலையில் கற்ற பாட்டு போதும். குழுவில் ஒருவராவது அந்தப் பாட்டைத் தாயிடமோ அப்பாயியிடமோ கேட்டு வளர்ந்தவராயிருக்கட்டும். பாடிக் கொடுத்தவருக்கு ஒரு நாட் பேர் இழப்பாகாதபடி ஒத்திகைக்குக் கூலி கொடுக்கப்படட்டும். நிரலில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் அச்சாகட்டும். தப்படிப்பவர் விமானச் சீட்டோடு போகட்டும், அவருக்குப் பதிலாக ஒலிப்பதிவுப் பெட்டி போக வேண்டாம். “செலவு?” என்பீர்கள். பிரமுகரின் வழியனுப்பு விருந்தை ஒருமுறை குறைத்தால் தப்படிப்பவர் இருவருக்குச் சீட்டுக் கிடைக்கும்.

அயல்நாட்டிலிருந்து இங்கே வரும் குழுக்களுக்கும் இதே விதிதான். அவர்களைக் கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில் பாடவைத்து, எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டித் திருப்பி அனுப்புகிறோம். எல்லவிலிருந்து பசறை வழியாக லுணுகலை அரை நாளுக்குள் போய்ச் சேரும் தூரம். வரட்டும், பாடட்டும், பிறகு உட்கார்ந்து கேட்கட்டும். கேட்பதற்கு நாற்காலி இல்லாவிட்டால் பிரட்டுக் களத்தில் சாக்கு விரிக்கலாம்.

இவையெல்லாம் துணைவேந்தரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய காரியங்கள் என்று மாணவர் நண்பர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். முதற்படிக்குக் கையெழுத்து வேண்டியதில்லை. பதுளையிலிருந்து லுணுகலைக்குப் பஸ் ஓடுகிறது. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றுவார்கள். அன்று மாலை போய் இறங்கி, பொட்டலுக்கு வழி கேட்டால் சிறு பிள்ளையும் காட்டும். தப்பைத் தீயில் வாட்டும் நேரத்திலேயே போய்விடுவது நல்லது. ஒலிப்பதிவுக் கருவியை முதல் நாளே எடுத்து நீட்ட வேண்டாம். முதல் நாள் கேட்டுவிட்டு வாருங்கள்.